அங்கப்பன் வெட்டிய மரத்துக்கு மதிப்பெண்

1

பயத்தில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதற்கு முன்னால்.

என் மேஜைமேல் ஒரு தாள் கிடக்கிறது. இடப்பக்கம் கட்டுரை எண்கள், வலப்பக்கம் மதிப்பெண் போடக் கட்டங்கள். எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை நிரப்பாமல் தள்ளிப்போடத்தான் காலையிலிருந்து கதை எழுதுகிறேன். சாயங்காலம் பிரிஸ்கில்லா ஸ்கூட்டியில் வந்து தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதற்குள் கதையை முடித்துவிட்டால், கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்கே தெரிந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

பிரிஸ்கில்லா யார் என்று சொல்லவேண்டும். ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. இங்குள்ள எஸ்டேட்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளைக்குச் செயலாளரும் அவர்தான். மலையில் வீடு உள்ள கல்லூரி மாணவர்களுக்கு வருஷா வருஷம் ஒரு கட்டுரைப் போட்டி. இந்த வருஷத் தலைப்பு, ‘சட்டமும் பொருளாதார சுதந்திரமும்’. நடுவர் நான் ஒருத்திதான். இரண்டு சிறுகதைத் தொகுப்பு போட்டவள், ஏரிக்கு மேலே வாடகைக்கு இருக்கிறவள், கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று என்னைப் பிடித்தார்கள். பொருளாதாரத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்கவில்லை.

2

கதையின் தொடக்கம் (முதல் முயற்சி):

“கொடைக்கானல் மலையில் மாதையன் என்றொரு விவசாயி தன் நிலத்தில் இருந்த பலா மரத்தை –”

[விட்டுவிடுகிறேன். பலாவை வெட்டினார் என்று எழுதினால் படிக்கிறவர்கள் அந்த மனுஷனை மன்னிக்கவே மாட்டார்கள்.]

இரண்டாம் முயற்சி:

“மாரமங்கலத்தில் ஒருவர் –”

[மாரமங்கலத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் உண்மையிலேயே மரம் வைத்திருக்கிறார். நல்ல மனுஷன். என் கதையால் அவர் வீட்டுக்கு யாராவது போய் நின்றால் நான் எந்த முகத்தோடு மிளகு வாங்கப் போவேன்?]

மூன்றாம் முயற்சி என்னுடையது அல்ல. கட்டம் காலியாகக் கிடக்கும் அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியம். அதைவிட நல்ல தொடக்கம் எனக்கு வரவில்லை, அப்படியே தருகிறேன்:

“வாழவந்தியில் இருக்கும் என் அப்பா அங்கப்பன், எங்கள் சொந்த நிலத்தின் மேல்வரப்பில் நின்ற சில்வர் ஓக் மரத்தைப் போன ஆடியில் அனுமதி இல்லாமல் வெட்டினார்; நான் சட்டக் கல்லூரியில் சேர்வதற்காக வெட்டினார்.”

சட்டம் படிப்பதற்காகச் சட்டத்தை மீறி வெட்டிய மரம். கதை எழுதுகிறவள் கட்டிவிட்டது என்று நினைப்பீர்கள். நான் இவ்வளவு பொருத்தமாக எதையும் கட்டியதில்லை. கட்டினால் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மற்ற கட்டுரைகள் எல்லாம் “பொருளாதாரம் ஒரு நாட்டின் முதுகெலும்பு” என்று தொடங்கின. பாதிக்கு மேல் கைப்பேசி எழுதிக்கொடுத்தவை. ஒரே முதுகெலும்பைப் படித்துப் படித்து எனக்கு முதுகு வலி கண்டது. அதற்கு நடுவில் இந்த அங்கப்பன் வந்து நின்றார். நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

3

கட்டுரையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். (நடுவர் கட்டுரையை வெளியே சொல்லக்கூடாது என்று ஒரு விதி உண்டு. இந்தக் கதையில் விதியை மீறாதவர் யாரும் கிடையாது, என்னையும் சேர்த்து.)

மலையில் சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரமானாலும் வெட்டுவதற்கு அனுமதி வாங்கவேண்டும். அங்கப்பன் மனு கொடுத்தார். ஒரு மழைக்காலம் போயிற்று, இன்னொரு மழைக்காலம் வந்தது. தரமாட்டோம் என்று சொல்லவில்லை, தருகிறோம் என்றும் சொல்லவில்லை. கல்லூரியில் சேரக் கடைசி நாள் நெருங்கியது. வெட்டினார், விற்றார்.

இப்படி எழுதிவிட்டு, சட்டத்தைத் தூக்கி எறியுங்கள் என்று அந்தப் பெண் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. “இந்தச் சட்டம் இல்லாவிட்டால் எங்கள் மலை இந்நேரம் மொட்டையாகி, மேலே விடுதிகள் முளைத்திருக்கும். சட்டம் வேண்டும். ஆனால் நாங்கள் ஒன்று சொன்னால் காதில் விழுந்தது என்றாவது அது சொல்லவேண்டும். பதில் வராத இடத்தில் சுதந்திரமும் இல்லை, சட்டமும் இல்லை” என்று முடித்திருந்தாள்.

முதல் பரிசு இதற்குத்தான். அதில் எனக்கு அப்போதும் சந்தேகம் இல்லை, இப்போதும் இல்லை. பேனாவைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து பிரிஸ்கில்லாவின் போன் வந்தது.

“அக்கா, முதல் பரிசு வாங்கறவங்க கட்டுரைய மேடையில அவங்களே வாசிக்கோணும். அப்புறம் புஸ்தகமா அடிச்சு எல்லா ஆபீஸுக்கும் அனுப்பறோம். அதனால நல்லதாப் பாத்து எடுத்துக் குடுங்க.”

“விழாவுக்கு யார் வர்றாங்க?”

“வனத்துறையிலிருந்து ஆபீசர் வர்றார்க்கா. நோட்டீஸ்லயே போட்டிருக்கமே, பாக்கலீங்களா? எல்லாருக்கும் மரக்கன்னு குடுக்கறோம்.”

பேனாவை மூடினேன்.

4

அந்தப் பெண்ணின் பெயர் சிவரஞ்சனி என்று பின்னால்தான் தெரிந்தது. கட்டுரையில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். போட்டியின் நான்காம் விதி அப்படி: மாணவர் தன்னை அடையாளம் காட்டும் எதையும் எழுதக்கூடாது. எழுதினால் கட்டுரை தள்ளுபடி. ஆனால் முதல் வரியிலேயே அப்பா பெயரையும் ஊரையும் போட்டுவிட்டு எண்ணை வைத்து என்ன பிரயோஜனம்?

நான்காம் விதியைப் படித்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? தள்ளுபடி என்று எழுதிவிட்டால் போதும். யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அங்கப்பன் பிழைத்தார், நானும் பிழைத்தேன். சட்டம் எவ்வளவு வசதியானது என்று அப்போதுதான் புரிந்தது. அந்த நிம்மதியே எனக்கு அசிங்கமாகவும் இருந்தது. அசிங்கம் தாங்காமல்தான் பஸ் ஏறினேன். [இல்லை. பெயரை மட்டும் எடுத்துவிடச் சொல்லிப் பரிசைக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டுத்தான் ஏறினேன். அசிங்கம் என்பது இப்போது எழுதும்போது சேர்த்துக்கொண்டது.]

வாழவந்தியில் இறங்கி, டீக்கடையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன் என்று நினைக்கிறேன்.

“அங்கப்பன் வீடு எதுங்க?”

“எந்த அங்கப்பனுங்க? மேல்வரப்புச் சில்வர் ஓக்க வெட்டுன அங்கப்பனுங்களா?” என்று கடைக்காரர் ரோட்டுக்கே கேட்கும்படி சத்தமாகக் கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் தலையைக்கூடத் திருப்பவில்லை. எனக்குத்தான் டீ புறங்கையில் சிந்தியது.

5

வாசலில் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். சிவரஞ்சனியின் அம்மா முத்தாயி குந்தி உட்கார்ந்து காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். அங்கப்பன் உள்ளேயிருந்து சட்டையை மாட்டிக்கொண்டே வந்தார்.

அவரைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். கட்டுரையில் வரும் அங்கப்பன் பாவப்பட்ட, வாய் பேசாத மனிதர். நேரில் வந்தவரோ வாய் ஓயாதவர். மீசைக்கு மை போட்டிருந்தார். என் கதைக்கு எந்த அங்கப்பனை வைத்துக்கொள்வது? பாவப்பட்டவரை வைத்தால் நீங்கள் உடனே அவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள். அதனால் மை போட்டவரையே வைக்கிறேன்.

“ஏனுங்கம்மா, புள்ள கட்டுரைல எம்பேருதான் மொதல்ல வருதாமா?” என்றார், நான்தான் போட்டிக்கு நடுவர் என்று சொல்லி உட்காருவதற்குள்.

“ஆமாங்க. அதைப் பத்தித்தான் பேச வந்தேன். அந்தப் பேரையும் ஊரையும் எடுத்துட்டா நல்லதுங்க. ‘ஒரு விவசாயி’ன்னு போட்டாப் போதும். ஆபீசர் வேற வர்றாரு. எதுக்கு வம்பு?”

அங்கப்பன் முகம் சட்டென்று மாறியது. “பேர எடுக்கறதுங்களா? பேர எடுத்துட்டா அது திருட்டு மரமாப் போயிருமுங்களே.”

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அவர்கள் ஊரில் ஒரு மரத்தை வெட்டியவர் அன்றைக்கே மாரியம்மன் கோயில் வாசலில் நின்று ஊருக்குச் சொல்லவேண்டும். மூன்று சொல்லவேண்டும்: வெட்டியது யார், எங்கே நின்ற மரம், எதற்காக வெட்டியது. சொன்னதும், கூடியிருப்பவர்கள் “கேட்டுக்கிட்டோம்” என்பார்கள். ஒப்புக்கொண்டோம் என்று அர்த்தம் இல்லை, சரி என்றும் அர்த்தம் இல்லை. காதில் வாங்கிக்கொண்டோம், அவ்வளவுதான். ஆனால் “கேட்டுக்கிட்டோம்” என்றவர் பிறகு அந்த மரத்தை வைத்து வம்பு பேசக்கூடாது, வெளியே போய்ப் புகார் சொல்லவும் கூடாது. யாருக்காவது குறை இருந்தால் அந்த இடத்திலேயே, அந்த நேரத்திலேயே சொல்லிவிடவேண்டும்.*

“நாஞ் சொன்னனுங்க. ஊரு கேட்டுக்கிச்சு. ஆபீசுக்கு மனுப் போட்டேன், அங்க ஒருத்தரும் கேட்டுக்கிட்டம்னு சொல்லலீங்க. இப்ப அந்த ஆபீசரே வந்து முன்னால உக்கார்றாரு. எம்பொண்ணு மைக்குல சொல்லுது. அவரு ஒரு வார்த்தை சொல்லிட்டாருன்னா முடிஞ்சு போச்சுங்க.”

“அவர் எப்படிங்க அந்த வார்த்தையச் சொல்லுவாரு? அவருக்கு உங்க ஊரு வழக்கம் தெரியாதே. கேஸ்தான் போடுவாரு.”

“போடட்டுமுங்க. போட்டாலும் அதுவும் ஒரு பதிலுதானுங்களே?”

முத்தாயி மிளகிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “அதெல்லாம் சும்மாங்க. இவருக்கு மைக்குல பேரு வரோணும்.”

அங்கப்பன் மறுக்கவில்லை. மீசையைத் தடவிக்கொண்டார்.

* இது மலை முழுக்க உள்ள வழக்கமா என்று எனக்குத் தெரியாது. இந்தக் கதையின் ஊரில் இப்படி. ஆராய்ச்சி செய்து யாரும் எனக்குக் கடிதம் போடவேண்டாம், ஏற்கெனவே வயிறு சரியில்லை.

6

இதுவரை சிவரஞ்சனி பேசவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். கட்டுரை எழுதியவளே அவள்தான். ஆனால் நான் இருந்த நேரம் முழுக்கக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ்ஸுக்குக் கொண்டுவந்து விடுகிறேன் என்று என்னோடு நடந்து வந்தாள். வளைவு தாண்டி வீடு மறைந்ததும் நின்றாள்.

“மேடம், ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?”

“சொல்லு கண்ணு.”

“எனக்கு மார்க்கக் கொறைச்சுப் போட்டுருங்க.”

எந்தப் போட்டியிலும் எந்த மாணவரும் நடுவரிடம் இப்படிக் கேட்டிருக்கமாட்டார்கள்.

“நோட்டீஸ்ல ஆபீசர் வர்றாருன்னு பாத்துட்டுத்தாங்க எழுதினேன். அப்பா ஊருல சொன்ன மாதிரியே மூணையும் மொத வரிலயே வெச்சேன். யாரு, எங்க, எதுக்கு. அவரு காதுல உழுந்தாச் சரியாப் போயிரும்னு நெனச்சேன். எழுதிக் குடுத்ததுக்கு அப்புறந்தான் காலேஜ்ல சீனியர் அக்காகிட்ட அந்தச் சட்டத்த வாங்கிப் படிச்சேன். தண்டனைன்னு ஒரு பக்கம் இருக்குதுங்க மேடம். நான் எழுதினது கட்டுரை இல்லீங்க, வாக்குமூலம். எங்கப்பாவக் கூட்டிட்டுப் போயிருவாங்களா?”

“அப்போ நீயே வாபஸ் வாங்கிடலாமே?”

“வாபஸ் வாங்கினா அப்பா மூஞ்சியில முழிக்க முடியாதுங்க. சொல்ல வந்ததப் பாதியில முழுங்கின மாதிரி ஆயிரும். தோத்துட்டேன்னு வந்தா நொம்ப வருத்தப்படுவாரு, ஆனா ஒத்துக்குவாரு.” அவள் அழவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தாள். “நான் நல்லாத்தான எழுதியிருக்கேன் மேடம்?”

“நொம்ப நல்லா எழுதியிருக்கே.”

“அப்ப அதே போதுங்க.”

அந்தக் “போதுங்க” எனக்குப் பொறுக்கவில்லை. இதை அழகாகச் சொல்ல வரவில்லை, நேராகவே சொல்கிறேன்: எனக்கு அழுகை வந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் மலைப்பாதை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, அன்போடு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

7

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

முடிவு அ. நான்காம் விதிப்படி தள்ளுபடி. விழா நடக்கிறது. முதுகெலும்பு ஒன்று முதல் பரிசு வாங்குகிறது. கைதட்டல். கூட்டத்தின் பின்வரிசையில் அங்கப்பன் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். தன் பெயர் வரும் வரும் என்று –

[இதற்கு மேல் எழுத முடியவில்லை.]

முடிவு ஆ. பெயர்களை நானே எடுத்துவிட்டு முதல் பரிசு கொடுக்கிறேன். சிவரஞ்சனி “ஒரு விவசாயி” என்று வாசிக்கிறாள். எல்லோருக்கும் நல்லது. அங்கப்பனுக்கு மட்டும் தன் மரம் திருட்டு மரமாகிறது, அதுவும் மகள் வாயால், மைக்கில். கதை எழுதுகிறவளுக்குப் பெயரை மாற்றுவது என்பது உப்புப் போடுவதுபோல யோசிக்காமல் செய்கிற காரியம். அதில் இப்படி ஒரு வினை இருக்கிறது என்று நான் நினைத்ததே இல்லை.

முடிவு இ. உள்ளது உள்ளபடி முதல் பரிசு. சிவரஞ்சனி மேடை ஏறுகிறாள். முதல் வரியை வாசிக்கிறாள். அதிகாரி தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு நிமிர்கிறார். பின்வரிசையில் வாழவந்திக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர், பழக்கத்தில், “கேட்டுக்கிட்டோம்” என்கிறார். பிறகு எல்லோரும். பிறகு, என்ன ஏதென்று தெரியாமலே, முன்வரிசையும். அதிகாரி –

அதிகாரியின் வாயில் என்ன வார்த்தையை வைப்பது? நான் கதாசிரியை, எதை வேண்டுமானாலும் வைக்கலாம். “கேட்டுக்கிட்டோம்” என்று வைத்தால் நீங்கள் சந்தோஷமாகப் புத்தகத்தை மூடுவீர்கள், நான் பொய் சொன்னவளாவேன். கேஸ் போடுகிறார் என்று வைத்தால் அவருக்கு அநியாயம் செய்தவளாவேன். அவர் கெட்டவர் என்று யார் சொன்னது? அவர் வேலை மரங்களைக் காப்பது. மொட்டை மலையில் எனக்கு மட்டும் இருக்கப் பிடிக்குமா? அவரை வாய் திறக்காமல் உட்கார்த்தியே வைத்திருக்கிறேன். பாவம், காலையிலிருந்து அந்த நாற்காலியிலேயே இருக்கிறார்.

8

சொல்ல விட்டுப்போனது ஒன்று. அன்று கிளம்பும்போது, இதைக் கதையாக எழுதலாமா என்று அங்கப்பனிடம் கேட்டேன். “தாராளமா எழுதுங்க. பேர மட்டும் மாத்திப்புடாதீங்க” என்றார். பஸ் வந்ததும் சிவரஞ்சனி, படியில் கால் வைத்துவிட்ட என்னிடம், “கதை கிதை எழுதினீங்கன்னா பேர மாத்திருங்க மேடம்” என்றாள்.

இரண்டு பேருக்கும் தலையாட்டினேன். அதில் ஒன்று பொய்யாகத்தான் போகவேண்டும்.

இன்னொன்றும் அங்கப்பன் சொன்னார். கோயில் வாசலில் நின்று மூன்றையும் சொல்லி முடித்த பிறகு, ஊர் வாய் திறக்கும்வரை ஒரு சின்ன இடைவெளி உண்டாம். “அதுதானுங்க கஷ்டம். மரத்த வெட்டறப்பக்கூட ஒண்ணும் தெரியல. அந்த நேரத்துல வயித்துல புளியக் கரைச்சுருமுங்க. எல்லாரும் சும்மா நிக்கிறாங்க. நம்மளையே பாக்கறாங்க. யாராச்சும் ஒருத்தரு வாயத் தொறந்தாப் போதும்னு இருக்கும்.” மை போட்ட மீசைக்காரர் இதைச் சொல்லும்போது மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கூட்டி சத்தம் கேட்கிறது. மேட்டில் ஏறும்போது பிரிஸ்கில்லாவின் வண்டி எப்போதும் இப்படித்தான் முனகும். கட்டம் இன்னும் காலி.

இப்போது நான் என்ன செய்துவிட்டேன் என்று பார்க்கிறேன். தாளை நிரப்பாமல் இருக்கத்தான் கதை எழுதினேன். எழுதியதில் மூன்றும் வந்துவிட்டன. வெட்டியவர் அங்கப்பன். வாழவந்தியில் அவருடைய நிலத்தின் மேல்வரப்பு சில்வர் ஓக். மகள் சட்டம் படிக்க. மேடையும் மைக்கும் இல்லாமலே நான் சொல்லி முடித்துவிட்டேன், நீங்கள் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறீர்கள்.

அங்கப்பன் என்பது அவருடைய நிஜப் பெயர்தானா, அப்பா சொன்னதைக் கேட்டேனா மகள் சொன்னதைக் கேட்டேனா என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆசை இருக்கும். சொல்கிறேன். ஆனால் முறைப்படி முதலில் நீங்கள்தான் பேசவேண்டும். குறை இருந்தால் இப்போதே, இந்த இடத்திலேயே சொல்லிவிடுங்கள், அதுவும் பதில்தான். இல்லையென்றால் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைத்தான் கட்டத்தில் எழுதப் போகிறேன்.

பிரிஸ்கில்லா வண்டியை நிறுத்திவிட்டார். கேட்டைத் திறக்கிறார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

யாராவது வாயைத் திறங்களேன்.